எம்.எஸ்ஸி. முடித்தவர் சட்டப் பேராசிரியர் ஆகலாமா?

கேள்வி: வயது 26. எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்து, திருப்போரூர் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். சட்டம் படித்து, அறிவியலும் சட்டமும் சந்திக்கிற இடத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர் ஆக ஆசை. "இத்தனை வருஷம் படிச்சது வீணா? இனிமே படிச்சு எப்போ சம்பாதிப்பே?" என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் படிப்பு வீணாகாது. நம் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கைச் சொல்லியே அம்மாவுக்குப் புரியவைக்கலாம்.

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-இல் இங்கேயே அது நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது.

தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் பலன் கூடியிருக்க வேண்டும் என்கிறது 3(டி). பீட்டா படிகத் தூள் தடையின்றி ஓடும், ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும், கெடாமல் நிற்கும், எலிகளில் 30 சதவீதம் கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது என்றது கம்பெனி. முதல் மூன்றும் தயாரிப்புக்கும் சேமிப்புக்கும் உதவலாம், நோய் தீர்க்கும் திறனோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை என்றது நீதிமன்றம். சரி, அந்த 30 சதவீதம்? கூடுதலாக ரத்தத்தில் சேர்வதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆய்வுத் தரவு வேண்டும் என்றது. அப்படி ஒரு தரவு அங்கே இல்லை.

ஓர் எண் வந்ததும் அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று பிரிப்பது உங்களுக்கு அன்றாட வேலை. வழக்கறிஞர்களில் பலர் லேப் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டுமே படிக்கிறார்கள். இது மனிதர்களின் ஆயுளில் விளையாடுகிற விஷயம். போதைப்பொருள் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெராயின் 250 கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்தாண்டு சிறை. பிடிபட்ட கலவையில் சுத்தமான போதைப்பொருள் எவ்வளவோ அதை மட்டும் கணக்கிட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்தக் கலவையின் எடையையே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றிச் சொன்னது. இரண்டில் எது நியாயம் என்று மாணவர்களோடு விவாதிக்க, தூய்மை சதவீதம் எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்த ஆசிரியர் வேண்டாமா? 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. இனி அறிக்கைகள் குவியும். அவற்றைப் படிக்கக் கற்றுத்தர ஆள் தேவை.

இனி காரியத்துக்கு வருவோம். வேலையை விடுவதற்கு முன்பே காப்புரிமை முகவர் (காப்புரிமை விண்ணப்பங்களை எழுதித் தாக்கல் செய்பவர்) தேர்வுக்குப் படியுங்கள். அதற்கு வேண்டியது அறிவியல் அல்லது பொறியியல் பட்டம். சட்டப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அதை எழுத முடியாது. ஒரு தாள் சட்டமும் விதிகளும், இன்னொரு தாள் கண்டுபிடிப்பின் விவரக்குறிப்பை எழுதுவது, பிறகு நேர்முகம். சட்டத்தின் மேல் வந்தது ஆசையா, லேப் வேலையின் சலிப்பா என்பதும் அந்தப் படிப்பிலேயே தெரிந்துவிடும். தேறிவிட்டால் கையில் ஒரு தொழிலும் இருக்கும். அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அது.

அடுத்தது மூன்றாண்டு எல்எல்.பி. தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. நேரடி வகுப்பு, வருகைப் பதிவு கட்டாயம் என்பதால் இப்போதைய வேலையோடு சேர்த்துப் படிக்க முடியாது. தபால் வழிச் சட்டப் பட்டத்தை பார் கவுன்சில் ஏற்காது. யார் ஆசை காட்டினாலும் பணம் கட்டிவிடாதீர்கள். அப்புறம் எல்எல்.எம்., நெட் எனும் பேராசிரியர் தகுதித் தேர்வு, பிஎச்.டி. நிரந்தர வேலையில் உட்காரும்போது முப்பதுகளின் நடுவில் இருப்பீர்கள். இதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். எல்எல்.பி. முடித்த கையோடு எல்எல்.எம்.முக்கு ஓடாதீர்கள். நல்ல சீனியரிடம் இரண்டு வருடமாவது ஜூனியராக இருங்கள். நிபுணர் சாட்சி கூண்டில் நின்று, தன் அறிக்கைக்குக் குறுக்கு விசாரணையில் பதில் சொல்லத் திணறுவதைப் பார்த்தவர் எடுக்கும் வகுப்பே வேறு. இப்போதே ஒரு நாள் லீவு போட்டு, சேப்பாக்கம் கலச மகாலில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடப்பதைப் பார்த்து வாருங்கள். அங்கே நீதித்துறை உறுப்பினரோடு அறிவியல் தெரிந்த நிபுணர் உறுப்பினரும் சேர்ந்து உட்கார்ந்து வழக்கு கேட்கிறார்.

கிளிவெக் வழக்கில் இன்னொருவரும் உச்ச நீதிமன்றத்தில் வாதம் வைத்தார்: மறைந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். 3(டி)-யை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்று எடுத்துச்சொல்ல, ஒரு கல்வியாளராகவே அவர் அங்கே போனார். நீங்கள் ஆசைப்படும் வேலை அவ்வளவு தூரம் போகக்கூடியது.

ஜூனியராக இருக்கும் காலத்தில் பாடம் நடத்தும் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதில்லை. வழக்கறிஞர்கள் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்க 1979-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. பகுதி நேரச் சம்பளம் சொற்பம்தான். ஆனாலும் கிடைத்தால் விடாதீர்கள்; முதல் வகுப்பிலேயே ஒரு லேப் ரிப்போர்ட்டை மாணவர்கள் கையில் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.