ஃபயர்பாக்ஸைப் புதுப்பித்தும் எதுவும் மாறவில்லையே, புதிய வசதிகள் எங்கே?

"ஃபயர்பாக்ஸ் உலாவி மாதாமாதம் புதுப்பிக்கச் சொல்கிறது. புதுப்பித்துத் திறந்தால் அதே பழைய முகம்தான். புதிய வசதிகள் என்று எதைச் சொல்கிறார்கள்? அதற்காக ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டுமா?" என்பது உங்கள் கேள்வி.

முகம் மாறாததற்குக் காரணம் உண்டு. 2025இல் வந்தவற்றில் உருப்படியானவை தாமாக உங்கள் முன்னால் வந்து நிற்பதில்லை. ஒன்றை அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். இன்னொன்றைச் சுட்டியால் இழுத்துப் பார்த்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். போதாததற்குச் சில வசதிகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறார்கள்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். ஒரு கட்டுரையைச் சரிபார்க்கப் பத்து இருபது பக்கங்களைத் திறப்பேன். மாலைக்குள் அறுபது கீற்றுகள் சேர்ந்துவிடும். (டேப் என்பதை ஃபயர்பாக்ஸின் தமிழ் இடைமுகம் கீற்று என்கிறது, குரோம் தாவல் என்கிறது. ஓலையில் அடுத்தடுத்து நிற்பவை என்பதால் எனக்குக் கீற்றுதான் பொருத்தமாகப் படுகிறது.) மேலே படுக்கை வரிசையில் அறுபது கீற்றுகள் நின்றால் ஒவ்வொன்றிலும் தலைப்பின் முதல் சில எழுத்துகளுக்குத்தான் இடம் இருக்கும். "இலக்" என்று நான்கு கீற்றுகள் தெரியும். ஒன்று இலக்கணம், ஒன்று இலக்கியம், ஒன்று இலக்கம், இன்னொன்று எதுவென்று சொடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தவறான கீற்றைத் திறந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பில் செங்குத்துக் கீற்றுகள் வந்தன. அமைப்புகளில் பொதுப் பகுதிக்குள் போய் இதை இயக்கினால், மேலே இருந்த வரிசை இடப்பக்கப் பட்டைக்கு இறங்கிவிடும். ஒன்றின்கீழ் ஒன்றாக, நூலின் பொருளடக்கம்போல் தலைப்புகள் நிற்கும். நீண்ட சொற்களால் ஆன தமிழ்த் தலைப்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஒரு நாள் வேலை செய்தால் உணர்வீர்கள். குறையும் உண்டு: பக்கத்தின் அகலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். சிறிய திரை என்றால் பட்டையைச் சுருக்கத் தோன்றும். சுருக்கினால் வெறும் சின்னங்கள்தான் மிஞ்சும், பழைய தொல்லை திரும்பிவிடும். அகலமான திரை இருப்பவர்கள் யோசிக்காமல் மாறிவிடலாம். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் இதை 2021லேயே கொண்டுவந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது கீற்றுக் குழுக்கள். ஏப்ரல் 2025 முழுவதும் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டு, 138ஆம் பதிப்போடு பரவலாகக் கிடைத்தது. ஒரு கீற்றை இழுத்து இன்னொன்றின்மேல் ஒரு கணம் பிடித்துவிட்டால் இரண்டும் குழுவாகிவிடும். பெயரும் நிறமும் கேட்கும். குழுவின் பெயரைச் சொடுக்கினால் அதிலுள்ளவை அத்தனையும் உள்ளே மடங்கிக்கொள்ளும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணம் ஃபயர்பாக்ஸுக்குப் புதிதே அல்ல. 2011இல் வந்த நான்காம் பதிப்பிலேயே கீற்றுகளைக் குழுவாகப் பிரிக்கும் வசதி இருந்தது. பயன்படுத்துபவர்கள் குறைவு, பராமரிக்கும் வேலை அதிகம் என்று 2016இல் 45ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். குரோம் தன் குழுக்களை 2020இல் கொண்டுவந்தது. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தேடி எடுத்த கதை இது. வந்தது நல்லதுதான்.

ஓர் எச்சரிக்கை. குழுவின் பட்டியலில் 'சேமித்து மூடு', 'நீக்கு' என்ற பொருளில் இரண்டு தெரிவுகள் இருக்கும். முதலாவதில் குழு பத்திரமாக இருக்கும், பிறகு திறந்துகொள்ளலாம். இரண்டாவதில் கீற்றுகளோடு போய்விடும். முதல் வாரத்திலேயே நான் அவசரத்தில் இரண்டாவதைச் சொடுக்கிவிட்டு, பதினான்கு பக்கங்களை உலாவல் வரலாற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன்.

இவ்வளவு கீற்றுகளைத் திறந்துவைத்தால் கணினி திணறாதா என்று கேட்பீர்கள். 2025 ஜூனில் வந்த 140ஆம் பதிப்பில் கீற்றை வலது சொடுக்கி நினைவகத்திலிருந்து இறக்கிவைக்கலாம். கீற்று அங்கேயே இருக்கும், மறுபடி தொடும்போது பக்கம் புதிதாக ஏறும். பாதி நிரப்பிய படிவம் இருக்கும் கீற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மொழிபெயர்ப்பு வசதி கொஞ்சம் பழையது, 2023 செப்டம்பரில் 118ஆம் பதிப்பில் வந்தது. ஆனாலும் கவனிக்காதவர்கள் ஏராளம். வழக்கமாக உலாவியில் மொழிபெயர்க்கச் சொன்னால் பக்கத்திலுள்ள வரிகள் எங்கோ இருக்கும் வழங்கிக்கு (சர்வர்) போய்த் திரும்பும். இதில் மொழிக்கான கோப்பை ஒருமுறை தரவிறக்கிக்கொண்டு உங்கள் கணினியே மொழிபெயர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் எடின்பரோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய பெர்கமோட் திட்டத்தின் விளைச்சல் இது. நடை சற்று முரடாக இருக்கும்; கடிதம், ஒப்பந்தம் போன்றவற்றை வெளியே அனுப்பாமல் படிக்க எனக்கு அது போதும்.

பக்கப்பட்டையில் செயற்கை நுண்ணறிவு உரையாடி (சாட்பாட்) ஒன்றை வைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். நான் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். பிடிஎஃப் கோப்பில் எழுதவும் கையொப்பம் இடவும் முடிகிறது. தனி மென்பொருள் ஒன்று மிச்சம்.

இனி, புதுப்பிக்க வேண்டுமா என்பது. மேலே சொன்ன எதுவும் தேவையில்லை என்றாலும் புதுப்பித்தே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் நிரல் தொகுப்பு ஒன்றில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. வேண்டுமென்றே கோணலாக்கிய ஒரு படம் திரையில் தோன்றினாலே போதும், தாக்குதல் நடக்க வழி உண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் அதே தொகுப்பைப் பயன்படுத்தியதால் இரண்டுமே அடுத்தடுத்த நாள்களில் அவசரத் திருத்தம் வெளியிட்டன. அந்தப் புதுப்பிப்பிலும் முகம் மாறவில்லை, பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம்தான் மாறியது. தோற்றம் அடிக்கடி மாறுவதே பிடிக்காது என்றால் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும், புதிய வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்பது உதவிப் பட்டியலில் 'பற்றி' என்ற இடத்தில் தெரியும். அதைத் திறந்தவுடனே புதியது இருந்தால் தரவிறக்கத் தொடங்கிவிடும். எண் 138 அல்லது அதற்கு மேல் என்றால், இப்போதே இரண்டு கீற்றுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை இழுத்துப் பாருங்கள். பெயர் கேட்கும்.