வீட்டுப் பட்டறை கேள்வி பதில்: பற்றரி ஸ்நோ புளோவர் வாங்குமுன்

கேள்வி: ஏஜக்ஸில் இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே. எனக்கு 52 வயது, நாரி நோவு இருக்கிறது. பற்றரி ஸ்நோ புளோவர் (பனியை வாரி வீசும் மெசின்) வாங்கலாம் என்று கடைக்குப் போனால் 40 வோல்ற், 56 வோல்ற், 80 வோல்ற் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். 80 தான் பலமானதா?
— ஏஜக்ஸ் வாசகர்

பதில்: பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வோல்ற்றை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பற்றரியைத் திருப்பிப் பாருங்கள், சின்ன எழுத்தில் ஆம்ப்-அவர் என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாற்-அவர். பற்றரிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். 80 வோல்ற், 2 ஆம்ப்-அவர் பற்றரியில் இருப்பது 160. 40 வோல்ற், 6 ஆம்ப்-அவர் பற்றரியில் 240. எண்பதைப் பார்த்து மயங்கி வாங்கியவர் பாதி டிரைவ்வேயில் நிற்கும்போது, நாற்பதுக்காரர் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குள் போயிருப்பார்.

இப்போது உங்கள் டிரைவ்வேயைக் கணக்குப் பார்ப்போம். 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் என்று வையுங்கள். 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 9 கன மீற்றர். பஞ்சு மாதிரிப் புதுப்பனி என்றால் கன மீற்றருக்கு 100 கிலோ அளவில், மொத்தம் 900 கிலோ. அதுவே பூச்சியத்தை ஒட்டிய குளிரில் ஈரமாக விழுந்தால் மூன்று மடங்கு பாரம்கூட வரலாம். ஒரே உயரம், ஒரே டிரைவ்வே, ஆனால் பற்றரிக்கு மூன்று மடங்கு வேலை. விளம்பரத்தில் 'இத்தனை கார் டிரைவ்வே' என்று போடுவதைப் பஞ்சுப் பனிக்கான கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. நகரசபை ட்ரக் றோட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு போகும்போது உங்கள் டிரைவ்வேயின் வாயில் ஒரு மேட்டைத் தள்ளிவிட்டுப் போகும். அதில் இருப்பது பனி மட்டுமல்ல. உப்பு, சேறு, உடைந்த ஐஸ்கட்டி எல்லாம் இறுகிப்போய்க் கிடக்கும். 6 மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், முழங்கால் உயரம் என்றாலே அரைத் தொன்னைத் தொடும். மெசினைத் தெரிவு செய்யும்போது டிரைவ்வேயை மறந்துவிட்டு அந்த மேட்டை நினையுங்கள். அதை வெட்டக்கூடிய மெசின் மற்றதெல்லாவற்றையும் வெட்டும்.

வீட்டுக்கான மெசின்கள் இரண்டு வகை. ஒற்றைக் கட்ட மெசினில் முன்னால் சுழலும் றப்பர் துடுப்புகளே பனியை வாரி, அதே சுழற்சியில் குழாய் வழியாக வீசிவிடும். துடுப்பு தரையைத் தொடுவதால் தார் தெரியும்வரை வழித்துத் தரும். இரட்டைக் கட்ட மெசினில் பல்லுள்ள இரும்புச் சுருள் பனியை உடைத்து உள்ளே தள்ள, பின்னால் இருக்கும் விசிறி அதை வீசும். இறுகிய மேட்டுக்கு இரட்டைக் கட்டம்தான் ராசா. சக்கரத்துக்கும் மோட்டார் இருப்பதால் தானே நகரும், பின்னுக்கும் வரும். ஆனால் பாரமும் விலையும் ஏறக்குறைய இரட்டிப்பு.

உங்களுக்கு? தார் போட்ட சமதரை என்றால் 21 அங்குல அகல ஒற்றைக் கட்டம் காணும். ஆனால் பற்றரி எல்லாம் சேர்த்து 500 வாற்-அவருக்குக் குறையாமல் வாங்குங்கள். உதாரணத்துக்கு, ஈகோ என்ற கம்பனியின் 21 அங்குல மெசின்களில் 56 வோல்ற், 5 ஆம்ப்-அவர் பற்றரிகள் இரண்டோடு வருவது உண்டு, மொத்தம் 560. மேட்டை நேரே மோதாமல், மெசினின் பாதி அகலத்துக்கு மட்டும் பாண் வெட்டுவதுபோல் சீவிக்கொண்டு வாருங்கள். ட்ரக் போன கையோடு செய்தால் நல்லது. விடிந்தபின் அது கல்லாகிவிடும். டிரைவ்வே சாய்வாக இருந்தால் மட்டும், நாரியை நினைத்து, தானே நகரும் மெசினுக்குப் போங்கள். ஒற்றைக் கட்டத்தில் துடுப்பு தரையைப் பிடிப்பதால் கொஞ்சம் முன்னே இழுக்குமே தவிர, ஏற்றத்தில் நீங்கள்தான் தள்ள வேண்டும்.

இன்னொன்று. விலை அதிசயமாகக் குறைவாக இருந்தால் பெட்டிக்குள் பற்றரியும் சார்ஜரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வெறும் மெசின் என்று தனியாகவும் விற்கிறார்கள். பிறகு பற்றரி வாங்கப் போனால் கண் பிதுங்கும். வீட்டில் ஏற்கனவே பற்றரியில் ஓடும் புல்வெட்டி இருந்தால், அதே பற்றரி போடக்கூடிய மெசினையே முதலில் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய மெசின். பற்றரியை கராஜிலேயே வைத்துச் சார்ஜ் பண்ணுகிறேன். கடும் குளிர் நாட்களில் கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடுகிறது. சில நாட்களில் சார்ஜர் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு சார்ஜ் ஏற மறுக்கிறது. பழுதா?
— ஸ்காபரோ வாசகி

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு தங்கச்சி. பற்றரிக்குக் குளிர் பிடித்திருக்கிறது. லிதியம்-அயன் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் உள்ளே லிதியம் உலோகமாகவே படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. அதனால்தான் சார்ஜர் மறுக்கிறது. அது உங்கள் பற்றரியைக் காப்பாற்றுகிறது, அதோடு சண்டை பிடிக்காதீர்கள்.

மெசின் கராஜில் நிற்கட்டும். பற்றரியை வீட்டுக்குள், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலாவது வையுங்கள். சார்ஜும் வீட்டுக்குள்தான். வெளியே வேலை தொடங்கும்போது மட்டும் கொண்டுபோய்ப் போடுங்கள். அறைச் சூட்டோடு போகும் பற்றரி ஓடும்போது தானே சூட்டைப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க -15இல் கிடந்த பற்றரி முழுச் சார்ஜில் இருந்தாலும் முழுப் பலத்தைத் தராது. வேலை முடித்து உள்ளே கொண்டுவந்த உடனே சார்ஜரில் போடாமல், தொட்டுப் பார்த்து அறைச் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். வசந்தம் வந்ததும் அரைவாசிச் சார்ஜில் எடுத்து வையுங்கள். முழுதாகவோ வெறுமையாகவோ மாதக்கணக்கில் விடக்கூடாது.

2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரே வாரத்துக்குள் இரண்டு பனிப்புயல் வந்து 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் பனி நிற்கும்வரை காத்திருக்காமல், 10 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒருமுறை வழித்துவிட்டு, பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: பரிக்குப் பக்கத்தில் காணி வாங்கியிருக்கிறோம். நீளமான சரளைக்கல் பாதை. 18 அங்குலச் சின்ன மெசின் போதுமா?
— பரி வாசகர்

பதில்: போதாது. சரளையில் ஒற்றைக் கட்ட மெசினே வேண்டாம். துடுப்பு தரையைத் தொடுவதால் கல்லையும் சேர்த்து வீசும். ஜன்னல் போகும், கண்ணும் போகும். இரட்டைக் கட்ட மெசின் வாங்கி, பக்கங்களில் இருக்கும் சறுக்குக் கட்டைகளை இறக்கி, வாய் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயரும்படி வைத்து ஓட்டுங்கள். கீழே மெல்லிய பனிப்படை மிஞ்சும், மிஞ்சட்டும்.

அதோடு ஜோர்ஜியன் குடாவிலிருந்து ஏரிப்பனி வந்து கொட்டும் பகுதி உங்களது. நீண்ட பாதையாக இருந்தால் இன்றைக்கும் பெற்றோல் மெசின்தான் சரி என்று சொல்வேன். பற்றரி மெசினை விரும்பி வேலை செய்பவன் நான். ஆனால் நடுப்பாதையில் பற்றரி முடிந்து, அடுத்த சார்ஜுக்குக் காத்து நிற்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். "சவள் இருக்க மெசின் எதற்கு" என்று சண்டை பிடிக்கிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது?
— மார்க்கம் வாசகி

பதில்: சமாளிக்க வேண்டாம் பிள்ளை, சவளை ஒளித்து வையுங்கள். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. பெரும் பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போவதும் இறப்பதும் கூடியிருந்ததை அதில் கண்டார்கள். குளிர் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கும்போது பிரஷர் சட்டென்று ஏறுகிறது. நம் ஆக்களுக்கு இதயநோய் ஏற்கனவே கூட.

மெசின் வந்தாலும் அப்பாவுக்கு அது முழுப் பாதுகாப்பு இல்லை. 30 கிலோ அளவிலான மெசினைத் திருப்புவதும் வேலைதான். டொக்ரரிடம் கேட்டு அவர் சரி என்றால், படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் 12 அங்குல பற்றரிச் சவளைக் கொடுங்கள். தூக்கி எறியத் தேவையில்லை, தள்ளினால் அதுவே வீசும். டிரைவ்வேயை நீங்களோ பக்கத்து வீட்டுப் பெடியனோ பார்க்கட்டும்.

கேள்வி: குழாய் அடைபடும்போது என் மகன் மெசினை நிறுத்திவிட்டுக் கையை விட்டு எடுக்கிறான். பற்றரி மெசின் என்பதால் ஆபத்தில்லை என்கிறான். சரியா?
— லவால் வாசகி

பதில்: இல்லவே இல்லை. இதை இன்றே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஸ்நோ புளோவரால் விரல் போனவர்களில் பெரும்பாலானோர் அடைப்பு எடுக்கப் போனவர்கள்தான். பெற்றோல் மெசினில் எஞ்சினை நிறுத்தினாலும் பெல்ற்றில் இழுவிசை மிஞ்சியிருக்கலாம். அடைபட்ட ஐஸ் விலகிய கணத்தில் பனியை வாரும் உருளை ஒரு சுற்றுச் சுற்றிவிடும், அந்த ஒரு சுற்றே போதும். பற்றரி மெசினில் பற்றரி உள்ளே இருக்கும்வரை ஒரு பட்டன் தூரத்தில்தான் கத்தி நிற்கிறது.

கைப்பிடியை விட வேண்டும். உருளை முழுதாக நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சாவி இருந்தால் சாவியையும், அப்புறம் பற்றரியையும் கழற்றி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை வேண்டாம். பெரும்பாலான மெசின்களில் மூடிக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் தடி ஒன்று மாட்டியிருக்கும், அது இதற்காகவே தந்தது. தொலைந்துபோயிருந்தால் பழைய விளக்குமாற்றுத் தடி ஒன்றை மெசினோடு கட்டிவிடுங்கள். ஈரப்பனி நாட்களில், வேலைக்கு முன் குழாயின் உட்புறத்துக்குச் சிலிக்கோன் ஸ்பிறே அடித்தால் அடைப்பே குறையும். அடித்து, காயவிட்டு, அதன்பின் பற்றரியைப் போடச் சொல்லுங்கள்.