பின்வளவில் சன்சோக் வைக்கலாமா?

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோ வாடகை வீட்டுப் பின்வளவில் சன்சோக் (ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்ற கிழங்கு) நட்டால் பனிக்குத் தாங்குமா, சீனி வருத்தக்கார அப்பா சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பனிக்குத் தாங்கும். பிறகு அதை அழிக்கிறதுதான் பெரும்பாடு. வட அமெரிக்காதான் இதன் சொந்த ஊர். 1605இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன் வந்தபோதே இந்தக் கண்டத்துப் பூர்வகுடிகள் பயிரிட்டிருந்தார்கள். சூரியகாந்தியின் இனம், அதனால்தான் அந்த மஞ்சள் பூ.

வாடகை வீடென்றால் நிலத்தில் நடமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கோ. விரலளவு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த வருடம் முளைக்கும். 40, 50 லீட்டர் வாளியில் அடியில் ஓட்டை போட்டு ஒரு கிழங்கு வைப்பதுதான் என் கணக்கில் புத்தி.

மரக்கறிக்கடைக் கிழங்கே போதும். ஏப்ரல் கடைசியில், இரண்டு மூன்று கண் இருக்கிற துண்டாக வெட்டி, 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கோ. நிலத்தில் என்றால் துண்டுக்குத் துண்டு 45 சென்ரிமீற்றர் இடைவெளி, அதுவும் வளவின் வடக்கு ஓரத்தில். இரண்டு மூன்று மீற்றர் வளர்ந்து மற்றச் செடிகளுக்கு வெயிலை மறைத்துவிடும். முழங்கால் உயரம் வந்ததும் அடியில் மண் அணையுங்கோ, இல்லாவிட்டால் காற்றுக்குச் சரியும்.

பூ முடிந்தவுடன் தண்டை வெட்டுவதுதான் பலர் விடுகிற பிழை. தண்டில் இருக்கிற சத்து கிழங்குக்கு இறங்குவதே அதற்குப் பிறகுதான். உறைபனி பட்டு இலை கறுத்த பிறகு வெட்டி, இரண்டு கிழமை விட்டுக் கிண்டுங்கோ. தோல் மெல்லிசு, வெளியில் வைத்தால் நாலைந்து நாளில் சுருங்கிவிடும். ஈரமணலில் புதைத்துக் குளிரில் வைக்கலாம். நிலத்திலேயே விட்டால் மேலே ஓரடிக்குச் சருகு போடுங்கோ, மண் இறுகாமல் கிண்டலாம். எலி கண்டுபிடித்தால் மட்டும் மிச்சமிராது.

இதில் மாச்சத்துக்குப் பதிலாக இனுலின் என்ற நார்ச்சத்து. அதனால் உருளைக்கிழங்கு போல இரத்தச் சீனியைச் சட்டென்று ஏற்றாது. ஆனாலும் அப்பா மருந்தைக் குறைக்கக் கூடாது, சாப்பிட்ட அன்று சீனியைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இனுலினைக் குடல் கிருமிகள் புளிக்கவைப்பதால்தான் வயிறு பொருமுகிறது. பெருங்காயம் போட்டாலும் முழுக்க நிற்காது. குளிரில் இருந்த கிழங்கில் இனுலின் கொஞ்சம் சீனியாக உடைந்திருப்பதால் பொருமல் குறைவு, இனிப்புக் கூட.

வெட்டியதைத் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் போடுங்கோ, கறுக்காது. பால்கறிக்குப் பத்து நிமிசம் காணும்; கூடினால் கூழாகிவிடும். முதல் நாளில் ஆளுக்கு ஒரு சின்னக் கிழங்குக்கு மேல் வேண்டாம்.