கப்பல் மூழ்குற பாட்டுக்கு ஏன் கைதட்டுறாங்க? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் டொரண்டோவில இருக்கிறன். எங்கட சித்தப்பா 1986ல கனடாவிண்ட கிழக்குப் பக்கம், நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக் கடல்ல லைஃப்போட்டில மிதந்து வந்த 155 தமிழ் அகதிகளில ஒருத்தர். காருக்குள்ள எப்பவும் கிரேட் பிக் சீ எண்ட நியூஃபவுண்ட்லாந்து பேண்டிண்ட பாட்டுத்தான் போடுவார். எனக்கு ஒண்டு விளங்கேல்ல. எத்தினையோ பாட்டில கப்பல் தாழுது, ஆக்கள் சாகினம், ஆனா கச்சேரியில சனம் கைதட்டிக் குதிக்குது. அதோட இது அயர்லாந்துப் பாட்டுத்தானே, நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஏன் தங்கட எண்டு சொல்லினம்?

(பெயர் வேண்டாமெண்டு கேட்ட வாசகர்)

தம்பி,

உங்க கடிதத்தப் படிச்சதும் பாட்டெல்லாம் அப்புறம், சித்தப்பாதான் கண்ணு முன்னாடி வந்தாரு. ஆகஸ்ட் மாசம், மூடுபனி, ரெண்டு லைஃப்போட் நெறைய நம்ம ஆளுங்க, அவங்களக் காப்பாத்தப் போனவங்கள்ல முக்கியமானவர் கஸ் டால்டன்னு ஒரு மீன்பிடிப் படகு கேப்டன். அந்தக் கேப்டன் ஊர் ஆளுங்களோட பாட்டுதான் சித்தப்பா கார்ல ஓடுறது. அத நெனச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது.

சரி, கைதட்டுக்கு வரேன். அந்த வேகம் சந்தோஷத்துல வந்ததில்ல, வேலைலயும் ஆட்டத்துலயும் வந்தது. பாய்மரக் கப்பல்ல பாய ஏத்தணும்னா எல்லாரும் ஒரே கயித்த ஒரே நேரத்துல இழுக்கணும், ஒருத்தர் தனியா ஒரு அடி பாடுவாரு, மத்தவங்க பதில் அடி பாடுறப்ப அதுல அழுத்தம் விழற எடத்துல இழுப்பாங்க. பாட்டுல ஒருத்தன் செத்தே போயிருந்தாலும் கயிறு நிக்கக் கூடாது. கிரேட் பிக் சீ ஆளுங்க இந்த மாதிரிப் பாட்ட மேடைல வாத்தியமே இல்லாம வெறும் குரல்ல பாடியிருக்காங்க, ஹெட்போன் போட்டுக் கேளுங்க, பதில் அடி வர்ற எடத்துல நம்ம தோளே லேசா பின்னாடி போகும்.

கரைக்கு வந்தா கச்சேரி அடுப்படியில. வாத்தியம் இல்லன்னா வாயாலயே மெட்டப் போட்டு ஆடுவாங்க, அதுக்கு அங்க 'சின் மியூசிக்'னு பேரு. தாளத்துக்கு ஒரு மாப் கட்டை, அடியில பழைய பூட்ஸு, கட்டை பூரா பீர் பாட்டில் மூடிகள லூசா ஆணி அடிச்சு, தலைக்கு ஒரு தகர டப்பா. பேரே 'அக்லி ஸ்டிக்'. தரைல குத்தினா பூட்ஸு தும்முன்னு விழும், மூடியெல்லாம் சலங்கை மாதிரி குலுங்கும்.

அயர்லாந்துப் பாட்டுங்கறது பாதிதான் சரி. 18, 19ஆம் நூற்றாண்டுல வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பக்கத்துலேந்து மீன் வேலைக்கு வந்தவங்க மெட்டக் கொண்டாந்தாங்க, இங்கிலாந்து டெவன், டார்செட் ஆளுங்க அவங்களோடதக் கொண்டாந்தாங்க. ஆனா வரிக்குள்ள ஃபோகோ, ட்வில்லிங்கேட்னு உள்ளூர்ப் பேரு, உள்ளூர்ப் படகு, உள்ளூர்ச் சாவு. ஜெரால்ட் டாயில்னு ஒரு மருந்து வியாபாரி 1927லேந்து இந்தப் பாட்டெல்லாம் அச்சடிச்சு, கூடவே தன் மருந்து விளம்பரத்தையும் சேத்து, ஜனங்களுக்குச் சும்மாவே குடுத்தாரு, பல பாட்டு இன்னிக்கும் வாயில இருக்குன்னா அதுக்கு அவரும் ஒரு காரணம். இத்தன தலைமுறையா ஒரு ஊரு வாயில கெடந்த பாட்டு அந்த ஊரோடதுதான், எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

அப்புறம் கிரேட் பிக் சீ பொறந்த வருஷத்தப் பாருங்க. 1992 ஜூலை 2, காட் மீன் பிடிக்க அரசாங்கம் தடை போடுது, சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. மறு வருஷம் நியூஃபவுண்ட்லாந்துத் தலைநகர் செயின்ட் ஜான்ஸ்ல இந்த பேண்டு பொறக்குது. ஆலன் டாயில் பெட்டி ஹார்பர்ங்கற மீனவ ஊர்க்காரர், சின்ன வயசுல படகுத்துறைல காட் மீன் நாக்க அறுத்து வித்தவர். ஷான் மெக்கேன் தோல்மேளம் அடிப்பாரு, ஒரு கை குச்சியோட, இன்னொரு கை உள்பக்கமா தோல அழுத்தி சத்தத்த ஏத்தி இறக்கும். பாப் ஹாலட் அக்கார்டியன், டாரல் பவர் பேஸ். மீன் போச்சு, ஜனங்க பொழப்புத் தேடி அல்பெர்ட்டா, ஒன்டாரியோன்னு ஊரக் காலி பண்றாங்க, அந்த நேரத்துல இவங்க அடுப்படிப் பாட்டத் தூக்கிட்டு ஊர் ஊரா போறாங்க. ஊர விட்டுப் போனவன் தன் ஊர்ப் பேரையும் செத்தவன் பேரையும் சத்தமா சொல்ல அவனுக்குன்னு இருந்த எடம் அந்தக் கச்சேரி, அங்க அவன் குதிக்காம என்ன பண்ணுவான்?

2013ஓட பேண்டு நின்னு போச்சு. 2005ல முழுக்கப் பாரம்பரியப் பாட்டா ஒரு ஆல்பம் போட்டாங்க, அதத் தேடிப் புடிச்சு அடுத்த தடவ கார்ல போடுங்க. சித்தப்பா எந்தப் பாட்டுக்கு வால்யூம் கூட்டுறாருன்னு பாத்து எனக்கு எழுதுங்க.