கதை புரிகிறது, பதில் எழுத வரவில்லை

கேள்வி: என் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலச் சிறுகதைகளை ரசித்துப் படிக்கிறாள், கதையை அழகாகத் திருப்பிச் சொல்கிறாள். ஆனால் தேர்வில் தீம் (மையக்கருத்து), டோன் (தொனி), பாயின்ட் ஆஃப் வியூ (பார்வைக்கோணம்) என்று கேட்டால் கதைச்சுருக்கத்தையே எழுதிவிட்டு வருகிறாள். இவற்றின் விளக்கங்களை மனப்பாடம் செய்தும் பயனில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: உங்கள் மகள் கதையை ரசிக்கிறாள் என்றால் கடினமான பாதி முடிந்துவிட்டது. கதையில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். தேர்வில் கேட்பது, எழுத்தாளர் அதை ஏன் இப்படிச் சொன்னார் என்பதை. விளக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இடத்தை மாற்றி எழுதினால் கதையில் எது கெட்டுப்போகும்?"

அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' கதையில் இதைச் செய்து பார்க்கலாம். 1905-இல் வெளிவந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். கணவன் ஜிம்மின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க, தன் நீண்ட கூந்தலை விற்கிறாள். ஜிம்மோ அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்க அந்தக் கடிகாரத்தையே விற்றுவிட்டு வந்து நிற்கிறான்.

பாயின்ட் ஆஃப் வியூ என்று கேட்டால் பிள்ளைகள் 'தேர்ட் பெர்சன்' (படர்க்கை) என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். பெயர் சரிதான், ஆனால் பதில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கதைசொல்லி அந்த நாள் முழுக்க டெல்லாவுடனேயே இருக்கிறார். ஜிம் எங்கே போனான், என்ன செய்தான் என்று நமக்குக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் கடைசியில் அந்த அதிர்ச்சி இருக்குமா? முடிவில் வரும் ஐரனி, அதாவது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடக்கும் முரண், இந்தப் பார்வைக்கோணத்தை நம்பித்தான் நிற்கிறது. இதை எழுதினால் பாயின்ட் ஆஃப் வியூ, ஐரனி இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். கதை நடக்கும் இடமும் காலமுமான செட்டிங்கும் இப்படித்தான்: நாள் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பாக இருந்திருந்தால் டெல்லாவுக்கு அந்த அவசரமே வந்திருக்காது.

டோனும் மூடும் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். சொல்பவரின் மனப்போக்கு டோன். படிக்கும் நமக்குள் எழும் உணர்வு மூட். கதையின் தொடக்கத்தில் டெல்லா சோபாவில் விழுந்து அழுகிறாள், நமக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் கதைசொல்லி அந்த அழுகையைக்கூட லேசான, பரிவு கலந்த நகைச்சுவையோடு சொல்கிறார். இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்கும் பத்தியை ஒருமுறை கவனித்துப் படித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் அவள் மறக்கக் கூடாது: கதைசொல்லி வேறு, எழுத்தாளர் வேறு. கொலைகாரன் 'நான்' என்று பேசும் கதைகளும் உண்டு. அந்த 'நான்' சொல்வதை அப்படியே நம்பலாமா என்று சந்தேகப்படுவதும் நல்ல வாசிப்புதான்.

பிள்ளைகள் அதிக மதிப்பெண் இழப்பது தீமில். "இந்தக் கதையின் தீம் அன்பு" என்று எழுதினால் அது தலைப்பு மட்டுமே. அன்பைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது? அதை ஒரு முழு வாக்கியமாக, பாத்திரங்களின் பெயர் வராமல் எழுத வேண்டும். பெயர் வந்துவிட்டால் கதைச்சுருக்கத்துக்குள் வழுக்கிவிட்டோம் என்று அர்த்தம். "ஒருவருக்காக எதை விட்டுக்கொடுக்கத் துணிகிறோம் என்பதில்தான் பரிசின் மதிப்பு இருக்கிறது, அது பயன்படுமா என்பதில் இல்லை" என்று எழுதலாம். அப்புறம் அதை முடிவோடு உரசிப் பார்க்க வேண்டும். சங்கிலி, சீப்பு இரண்டுமே இப்போதைக்கு உபயோகமில்லை. ஆனாலும் கதைசொல்லி இவர்களைத்தான் பரிசு தருபவர்களிலேயே அறிவாளிகள் என்கிறார். ஆக, வாக்கியம் நிற்கிறது. 'பிறருக்கு உதவ வேண்டும்' என்பது போன்ற பொதுப்படையான நீதி இந்த உரசலில் நிற்காது. தீம் என்றால் அறிவுரை என்று நினைத்துக்கொள்வதுதான் வகுப்பறைகளில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல். பல நல்ல கதைகள் அறிவுரையே சொல்வதில்லை.

உவமை, உருவகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அவை சட்டென்று கண்ணில் படும். கண்டுபிடித்துப் பெயர் சொல்வதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பயிற்சிக்குப் புதுக் கதை தேட வேண்டாம். அவளுக்கு ஏற்கெனவே பிடித்த கதையையே எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கூறு மட்டும். மூன்று வரிகள் எழுதச் சொல்லுங்கள்: எழுத்தாளர் செய்தது என்ன, கதையில் அது தெரியும் இடம் எது, அதனால் வாசகருக்கு என்ன ஆகிறது. முதலில் தமிழில் யோசித்து எழுதினாலும் பரவாயில்லை. அவள் தடுமாறுவது பெரும்பாலும் மூன்றாவது வரியில்தான் இருக்கும். அங்கே நீங்கள் பதில் சொல்லிக் கொடுத்துவிடாமல், "மாற்றினால் எது கெடும்?" என்று மட்டும் திரும்பக் கேளுங்கள்.