அவன் தமிழில்தான் பேசினான்

வணக்கம் அண்ணா,

2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாசிம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் பெரியம்மா அன்று குண்டு வெடித்த கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இருந்தவர். வலது காது இன்னமும் கேட்காது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே சொல்வதில்லை. அவன் எங்கே படித்தான், யாரோடு சண்டை பிடித்தான் என்றெல்லாம் ஏன் எழுத வேண்டும்? நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதலுக்குப் பழிவாங்கினான் என்று அரசாங்கமே சொன்னதே. புரிந்துகொள்ளப் போனால் கடைசியில் மன்னிப்பதில்தானே போய் முடியும்?

செ., வத்தளை

அன்புள்ள செ.,

பெரியம்மாவிடம் மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அதற்காக நான் எழுதவும் இல்லை. காரணத்தைப் பிழையாகச் சொன்னால் பிழையான ஆட்கள் அடி வாங்குவார்கள். அடியும் வாங்கினார்கள்.

கிறைஸ்ட்சர்ச் கதையையே எடுங்கள். குண்டு வெடித்து இரண்டு நாளில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பாராளுமன்றத்தில் அப்படிச் சொன்னார். கிறைஸ்ட்சர்ச் நடந்தது 2019 மார்ச் 15. புத்தளம் வனாத்தவில்லுவில் தென்னந்தோட்டத்துக்குள் வெடிமருந்து பிடிபட்டது அந்த ஜனவரியில். மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தது அதற்கும் முந்திய டிசம்பரில். கலண்டரைப் புரட்டினாலே அந்தக் காரணம் விழுந்துவிடும். வறுமை என்பாரும் உண்டு. ஷங்ரிலா ஹோட்டலில் சஹ்ரானோடு வெடித்தவனும் சினமன் கிராண்டில் வெடித்தவனும் கொழும்பில் பெரிய மசாலாச் சரக்கு வியாபாரி ஒருவரின் பிள்ளைகள்.

சஹ்ரானை அவன் ஊரான மட்டக்களப்புக் காத்தான்குடியில்தான் தேட வேண்டும். அரபுக் கல்லூரியில் படிப்பு முடியுமுன்னே வெளியேற்றப்பட்டான். ஒரு பள்ளிவாசலில் சேர்ந்தான், அங்கேயும் பிணங்கினான். பிறகு தனக்கென்று தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தைத் தொடங்கினான். அவனுடைய முதல் எதிரி கிறிஸ்தவர்களோ சிங்களவர்களோ அல்ல, அதே ஊரின் சூஃபி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவர்களோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான் தலைமறைவானான். ஊர் மேடை போனதும் உலக மேடை ஒன்றை ஐ.எஸ். கொடுத்தது. 2014 கலவரத்தில் அளுத்கமவிலும் 2018 கலவரத்தில் திகனயிலும் முஸ்லிம் கடைகள் எரிந்தது அவன் பேச்சுக்கு நல்ல தீனி. தாக்குதலுக்குப் பின் வெளிவந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் முகத்தை மூடியிருக்கிறார்கள். நடுவில் துவக்கோடு நிற்கும் சஹ்ரானின் முகம் மட்டும் திறந்திருக்கிறது. சாகப் போகிறவனுக்கும் தன் முகம் தெரிய வேண்டும்! கொள்கை அவனுக்கு இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கொள்கைக்குள் இப்படியொரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்கிறேன்.

இதில் எதுவும் இரகசியமாக நடக்கவில்லை. அவன் தமிழில் பேசினான், பேஸ்புக்கில் போட்டான். காத்தான்குடி முஸ்லிம்களே பொலிஸில் முறையிட்டார்கள். கொழும்பு முஸ்லிம் அமைப்பொன்றின் பொறுப்பாளரும் தான் முன்பே எச்சரித்ததாகப் பிறகு சொன்னார். 2018 நவம்பரில் வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது பிடிபட்டது யார் தெரியுமா? ஒரு முன்னாள் புலி. பழைய எதிரியைத் தேடினால் பழைய எதிரிதானே கிடைப்பான். ஈஸ்டருக்குப் பிறகுதான் அது சஹ்ரானின் ஆட்கள் செய்த வேலை என்று தெரிந்தது. அந்த மனிதர் மே மாதத்தில்தான் வெளியே வந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியா அனுப்பிய எச்சரிக்கையையும் மேலிடம் அலட்சியம் செய்தது உங்களுக்குத் தெரியும். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தாக்குதல் நேரத்தில் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது அதற்காகத்தான். பின்னால் வேறு கைகள் இருந்தனவா என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த 2019 மே மாதம் புறக்கோட்டையில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் துணிக்கடை நாநாவிடம் போனேன். நோன்பு காலம், பெருநாள் வியாபாரம் களைகட்ட வேண்டிய நேரம். கடையில் ஒரு குருவியும் இல்லை. விற்காத சாரங்களை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். அவர் மனைவிக்குக் காத்தான்குடி. "எங்கட ஆக்கள் கத்தின நேரம் ஒருத்தரும் காதுல போடல்ல தம்பி" என்றார். அந்த வாரம்தான் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நவம்பரில் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லை வைத்து கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாக வந்தார். கொரோனா வந்ததும் அதே அரசாங்கம் முஸ்லிம் மையித்துகளையும், அதாவது இறந்தவர்களின் உடல்களையும், எரித்தது, 2021 பெப்ரவரி வரை. இருநூற்றறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களோடு இதையும் சேர்த்துத்தான் சஹ்ரான் நாட்டுக்கு என்ன செய்தான் என்று நான் கணக்குப் பார்க்கிறேன். இந்த இரண்டாவது பங்கை அவன் கையால் செய்யவில்லை, நாம் செய்து கொடுத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் மன்னார்ப் பக்கத்து இளம் முஸ்லிம் கவிஞர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். குற்றம், ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகம். அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகளும் இருந்தன. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. 2023இல் விடுதலையானார். சஹ்ரான் வருடக்கணக்காகத் தமிழில் கத்தியது விளங்காத காதுக்கு இந்தப் பிள்ளையின் கவிதை மட்டும் எப்படி விளங்கியதோ தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் நானும் அந்தோனியாரிடம் வருவதுண்டு.