வேதாகமக் கேள்வி–பதில்: தீத்துவுக்கு ஒரு நியாயம், தீமோத்தேயுவுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: விசுவாசத்தால் நியாயப்பிரமாணத்திலிருந்து (மோசே மூலம் யூதருக்குக் கொடுக்கப்பட்ட சட்டத்திலிருந்து) விடுதலை என்றால், பத்துக் கட்டளைகளையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கட்டளையைக் கைக்கொண்டு நீதிமானாகலாம் என்பதைத்தான் அப்போஸ்தலனாகிய பவுல் மறுக்கிறார் (கலாத்தியர் 2:16). விபசாரம், கொலை, களவு எல்லாம் கூடாது என்று ரோமர் 13:9-ல் அவரே வரிசையாகச் சொல்கிறார்.

கேள்வி: தன் உடன் ஊழியர்களில் தீத்துவுக்கு விருத்தசேதனம் (யூத முறைப்படி நுனித்தோலை நீக்குவது) செய்ய மறுத்த பவுல், தீமோத்தேயுவுக்கு மட்டும் செய்துவைத்தது ஏன்?

பதில்: நல்ல கேள்வி. மேலோட்டமாகப் படித்தால் பவுல் பின்வாங்கியதுபோலத்தான் தெரியும். ஆனால் இருவர் நிலையும் வேறு. தீத்து கிரேக்கர். விருத்தசேதனம் இல்லாமல் இரட்சிப்பே இல்லை என்று ஒரு கூட்டம் போதித்துக்கொண்டிருந்த காலம் அது (அப்போஸ்தலர் 15:1). அந்த நெருக்கடியில் இணங்கியிருந்தால், கிறிஸ்து மட்டும் போதாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் ஒரு நாழிகைகூட அவர் இடங்கொடுக்கவில்லை (கலாத்தியர் 2:3-5).

தீமோத்தேயுவின் தாய் யூத விசுவாசி, தகப்பன் கிரேக்கர். அது அந்தப் பகுதி யூதர் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் நடுவே ஊழியம் செய்யத் தடை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இரட்சிப்பைப் பற்றிய பேச்சே அங்கில்லை. அப்போஸ்தலர் 16:3-ல் விருத்தசேதனம் நடக்கிறது. அடுத்த வசனத்தைப் பாருங்கள்: புறஜாதியார்மேல் (யூதரல்லாதவர்மேல்) அந்தச் சுமையை வைக்கவேண்டாம் என்று எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் எடுத்த தீர்மானத்தை அதே பவுல் ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டு போகிறார்!

கேள்வி: எங்கள் சபையில் உபவாச நாட்களும் சில உணவு விலக்கல்களும் கட்டாயம்போல் இருக்கின்றன. விட்டுவிடலாமா?

பதில்: முதலில், 'கைக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?' என்று பெரியவர்களிடம் கேளுங்கள். 'சபை ஒழுங்குக்காக' என்றால் தாராளமாகக் கைக்கொள்ளுங்கள். 'இரட்சிப்பு போய்விடும்' என்றால் மறுத்தே ஆகவேண்டும். அந்த வழியில் ஒன்றை நிபந்தனையாக ஏற்றவன் நியாயப்பிரமாணம் முழுவதையும் நிறைவேற்றக் கடனாளி (கலாத்தியர் 5:3). பாதியில் நிறுத்திக்கொள்ள வழியில்லை.

விடுதலை பெற்றவர்கள் சறுக்குகிற இடமும் ஒன்று உண்டு: உபவாசிக்கிறவரை ஏளனமாகப் பார்ப்பது. புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக்கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்று ரோமர் 14:3 இரு தரப்பையும் கண்டிக்கிறது. உங்களைப் பார்த்து ஒரு பலவீனமான விசுவாசி தன் மனச்சாட்சிக்கு விரோதமாக நடந்து இடறுவார் என்றால் விட்டுக்கொடுங்கள். பவுல் இறைச்சியையே விடத் தயாராக இருந்தார் (1 கொரிந்தியர் 8:13). பயத்தால் விட்டுக்கொடுப்பது வேறு. அந்தியோகியாவில் விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு பந்தியிருப்பதைப் பேதுரு நிறுத்தியபோது, எல்லாருக்கும் முன்பாகவே பவுல் அவரைத் தட்டிக்கேட்டார் (கலாத்தியர் 2:11-14).